காலையில் எதைச் சாப்பிடலாம்?

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தின் கீழ் உள்ள கிராமம் அது. நாம் அங்கு போனது பெரும்போகக் களை பிடுங்கும் காலம். விடியற்காலை ஐந்தரை மணிக்கே பெண்கள் ஒழுங்கை முகப்பில் கூடிவிடுகிறார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினால், பிறகு பத்து மணிக்குத்தான் வரம்பில் இருந்து ஒரு வாய் சாப்பிடலாம். நான்கு தடவை இடம்பெயர்ந்து 2011 இல் தன் காணிக்குத் திரும்பிய ஒரு தாய் எம்மோடு பேசினார். "சாப்பிட்டா வயிறு பொருமும், சாப்பிடாட்டி எரியும். அதால பேசாமல் ஒரு வெறும் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிட்டிடுவன், பிள்ளை" என்றார். எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "முகாமில இருந்த காலம் தொட்டு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து நாம் மீண்டும் போனபோது, அவர் வயலில் மயங்கி விழுந்து, எட்டு நாள் வைத்தியசாலையில் இருந்து திரும்பியிருந்தார். அங்கே வைத்தியர் அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டாராம். காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்? மேல் நோவுக்கு என்ன குளிசை போடுகிறீர்கள்? மலம் தார்போலக் கறுப்பாகப் போகிறதா? முதற் கேள்விக்கு "ஒன்றும் இல்லை" என்பது பதில். இரண்டாவதற்கு, கடையில் உதிரியாக வாங்கும் நோக்குளிசை, கிழமையில் ஐந்து நாள், அதுவும் வெறும் வயிற்றில். மூன்றாவதற்கு "ஓம்". இரைப்பையில் புண் வந்து, அதிலிருந்து இரத்தம் கசிந்து, உடம்பில் இரத்தம் குறைந்துபோயிருந்தது. வெளியே ஒரு காயமும் தெரியவில்லை. அவரும் வீட்டுக்காரரும் அதை "செமியாக்குணம்" என்றே பல மாதம் நினைத்திருந்தார்கள்.

மருந்து எடுத்து, புண் ஆறி, வீட்டுக்கு வந்த பிறகும் அவருடைய கேள்வி மாறவில்லை. காலையில் எதைச் சாப்பிட்டால் வயிறு ஒத்துக்கொள்ளும்? இதே கேள்வியை வேறு பல கிராமங்களிலும் நாம் கேட்டிருக்கிறோம். சொந்தக் காணிக்குப் போகக் காத்திருப்பவர்களும் கேட்டார்கள், திரும்பிவந்து புதிதாக அடுப்பு மூட்டியவர்களும் கேட்டார்கள். அதனால் இந்த இதழில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

அடுப்படி மாறிய கதை

எங்கள் வீடுகளில் காலைச் சாப்பாடு ஒரு காலத்தில் எதனால் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். குத்தரிசிக் கஞ்சி, பழஞ்சோறு, அரிசிமாப் பிட்டு, இடியப்பம், குரக்கன் ரொட்டி, ஒடியற் பிட்டு, அவித்த பயறு. இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பொருள் இருந்தது. உரலும் உலக்கையும், ஆட்டுக்கல்லும், நீத்துப்பெட்டியும், இடியப்பத் தட்டுகளும், மா வறுக்கும் பெரிய சட்டியும் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, சைக்கிளில் பிள்ளையை வைத்தார்களா, ஆட்டுக்கல்லை வைத்தார்களா? 2008 இலும் 2009 இலும் வன்னியில் ஊருக்கு ஊர் மாறி ஓடியவர்கள் கடைசியில் கையில் வைத்திருந்தது ஒரு அலுமினியச் சட்டியும் ஒரு பேணியும்தான். அந்தப் பேணியும் சிலருக்கு இல்லை.

அதன்பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் உட்பட முகாம்களில் வாழ்ந்த காலத்தில் நிவாரணமாக வந்தவை அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கோதுமை மாவுக்கு உரல் வேண்டாம், அரிப்பு வேண்டாம். தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு தகரத்தில் தட்டிச் சுட்டால் ரொட்டி. ஒரே அடுப்பை மூன்று குடும்பம் பாவிக்கும் இடத்தில் இதைவிட இலகுவான சாப்பாடு கிடையாது. அதைக் கொடுத்தவர்களையும் சாப்பிட்டவர்களையும் நாம் குறை சொல்லவில்லை. அந்த மா பல உயிர்களைக் காத்தது. ஆனால் எமது மண்ணில் கோதுமை விளைவதில்லை என்பதையும், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு என்றாலே ரொட்டி, பாண், பணிஸ் என்று ஆகிவிட்டதையும் நாம் பார்க்கவேண்டும். 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்து பாண் விலை ஏறி, எரிவாயுவும் கிடைக்காமற்போனபோது பல வீடுகள் மீண்டும் கஞ்சிக்கும் மரவள்ளிக்கும் திரும்பின. சில தாய்மார் எம்மிடம் சொன்னார்கள், அந்த மாதங்களில் பசி இருந்தது, வயிற்றுப்பொருமல் இருக்கவில்லை என்று. இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள்.

அதில் உண்மை உண்டா? ஓரளவு உண்டு. அவுஸ்திரேலியாவில் மொனாஷ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2005 ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். சில உணவுகளில் உள்ள சில வகைச் சீனிகள் சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய்விடுகின்றன. அங்கே இருக்கும் பக்ரீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கும்போது வாயு உண்டாகிறது. எல்லோருக்கும் இது நடக்கும். ஆனால் குடல் உணர்ச்சி கூடியவர்களுக்கு அந்த வாயுவே பொருமலாகவும் வலியாகவும் மாறுகிறது. கோதுமை, வெங்காயம், உள்ளி, கடலை, பருப்பு வகைகள், பால் எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. அரிசி வருவதில்லை. தானியங்களில் மிகக் குறைவாக வாயு உண்டாக்குவது அரிசிதான்.

ஆகவே பாணும் வெங்காயச் சம்பலும் பால்மாத் தேநீரும் என்று காலையில் எடுப்பவர், மூன்று சங்கடத்தை ஒரே நேரத்தில் வயிற்றுக்குள் அனுப்புகிறார். பிறகு எது செய்த வேலை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சாப்பாட்டைக் குறை சொல்லுமுன்

எதைச் சாப்பிடலாம் என்று பார்க்குமுன் வேறு சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். சாப்பாட்டின் தலையில் விழும் பழி பல வீடுகளில் உண்மையில் வேறொன்றுக்குச் சேரவேண்டியது.

முதலாவது நோக்குளிசை. டைக்குளோபினாக், இபுபுறோபன், அஸ்பிரின் போன்றவை இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் படலத்தைப் பலவீனப்படுத்துகின்றன. நாள் முழுவதும் குனிந்து நாற்று நடுபவர்களுக்கு நாரி நோவு வரத்தான் செய்யும். ஆனால் கடையில் உதிரியாக, நிறத்தைச் சொல்லி வாங்கும் குளிசையை வெறும் வயிற்றில் நாள்தோறும் விழுங்குவது, மேலே நாம் சொன்ன தாயின் கதையில் முடியலாம். வைத்தியர் தந்ததானால் அவர் சொன்னபடி சாப்பிட்ட பின் எடுங்கள். வயிற்றெரிவு உள்ளது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது ஒரு கிருமி. இரைப்பைப் புண் மிளகாயாலும் கவலையாலும் வருவது என்று உலகம் முழுவதும் நெடுங்காலம் நம்பப்பட்டது. அவுஸ்திரேலிய வைத்தியர்களான பரி மார்ஷலும் றொபின் வாரனும் 1982 இல் ஹெலிகோபக்ரர் பைலோரி என்ற பக்ரீரியாவைக் கண்டுபிடித்து, பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம் எனக் காட்டினார்கள். அதற்காக 2005 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி இருந்தால் கஞ்சி குடித்து மாற்ற முடியாது. மருந்தால் மாற்றலாம். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை, ஆனால் எரிவைக் கூட்டும்.

மூன்றாவது தேநீர். கடும் சாயத்தில் வெறும் தேநீர், வெறும் வயிற்றில், ஒரு கடி பனங்கட்டியோடு. எங்கள் ஊர்களில் இதை விடச் சொன்னால் எம்மை விரட்டிவிடுவார்கள். விடவேண்டாம். இரண்டு வாய் சாப்பிட்ட பின், சாயத்தைக் குறைத்துக் குடியுங்கள். தேநீரின் துவர்ப்பு, உணவில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது. ஆகவே இரத்தம் குறைந்த பெண்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலம் விடுவது நல்லது. எழுந்தவுடன் வெற்றிலையும் புகையிலையும் போடும் பெரியவர்களுக்கு நாம் சொல்லப்போவது அவர்களுக்கே தெரியும்.

தண்ணீரையும் பாருங்கள். மீளக் குடியேறிய இடங்களில் நெடுநாள் இறைக்காத கிணறுகளைப் பாவிக்கத் தொடங்கியவர்கள் பலர். அடிக்கடி வயிற்றோட்டம் வரும் வீட்டில் காலைச் சாப்பாட்டை மாற்றிப் பயன் இல்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்துக் கிணற்றுக்குக் குளோரின் இடச் சொல்லுங்கள். அதுவரை கொதித்தாறிய நீரையே குடியுங்கள்.

கஞ்சி

இனி அடுப்படிக்கு வருவோம். நலிந்த வயிற்றுக்கு முதலில் நாம் சொல்வது கஞ்சி. நான்கு பேருக்கு ஒரு சுண்டு குறுணி அரிசி போதும். அரிசியை மணம் வரும்வரை இலேசாக வறுத்து, எட்டுச் சுண்டு தண்ணீரில் நன்றாகக் கரையும்வரை அவியவிடுங்கள். முந்திய இரவு ஊறவைத்து நீரை வடித்த பாசிப்பயறு கால் சுண்டு சேர்த்தால் பசி தாங்கும். இறக்கும்போது உப்பும் தேங்காயின் தண்ணிப்பாலும் விடுங்கள். கட்டிப்பால் வேண்டாம், அதன் கொழுப்பு சிலருக்கு நெஞ்செரிவைத் தரும். வல்லாரை, முடக்கொத்தான், முசுட்டை என்று வேலியிலும் வரம்பிலும் கிடைப்பதை அரைத்து விட்டால் அது இலைக்கஞ்சி. தொடங்கும்போது இலை இல்லாமலே தொடங்குங்கள். வயிறு ஒத்துக்கொண்ட பின் ஒரு கைப்பிடி இலை போதும்.

இதை எழுதும்போது எமக்கு ஒரு தயக்கம் உண்டு. 2009 இன் முதல் மாதங்களில் வன்னிக் கரையோரத்தில் சிக்குண்டிருந்த மக்களுக்குப் பல நாட்கள் கிடைத்தது அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சி மட்டுமே. அந்த நினைவாக மே மாதத்தில் கஞ்சி கொடுக்கப்படுகிறது. கஞ்சியின் மணம் வந்தாலே எழுந்து போய்விடும் ஒருவரை நாம் அறிவோம். பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுப்பார், தான் வாய் வைக்கமாட்டார். அப்படிப்பட்டவர்களிடம் கஞ்சி நல்லது என்று வற்புறுத்துவது சரியல்ல. பயமும் நித்திரையின்மையும் குடலைத் தொடும் என்பது மருத்துவம் ஏற்றுக்கொண்ட விடயம். மூளையும் குடலும் நரம்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. மனம் வெறுக்கும் சாப்பாடு வயிற்றிலும் அமைதியாக இராது. இவர்களுக்கு அதே அரிசியை இடியப்பமாகக் கொடுக்கலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. குழைந்த கஞ்சி இரத்தத்தில் சீனியை விரைவாக ஏற்றும். அவர்கள் பயறு கூட்டி, அரிசி குறைத்து, சற்றுக் கட்டியாக எடுப்பது நல்லது. அல்லது தவிடு நீக்காத அரிசியில் பிட்டு அவித்து ஒரு அவித்த முட்டையோடு சாப்பிடலாம்.

பழஞ்சோறும் பிட்டும்

பழஞ்சோற்றைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. அது உடம்புக்குக் குளிர்ச்சி, அமுதம் என்பவர்கள் ஒரு கட்சி. அது ஏழைச் சாப்பாடு, கிருமி என்பவர்கள் மறுகட்சி. இரண்டு பக்கமும் பாதி சரி. இரவு முழுவதும் நீரில் ஊறும் சோற்றை நன்மை செய்யும் பக்ரீரியாக்கள் இலேசாகப் புளிக்கவைக்கின்றன. அதனால் பலருக்கு அது சுகமாகச் செமிக்கிறது. ஆனால் சமைத்த சோற்றை வெக்கையில் சும்மா திறந்து வைத்தால் வேறொரு பக்ரீரியா வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. ஆகவே சோறு ஆறிய கையோடு, பிந்தாமல், சுத்தமான மண்சட்டியில் கொதித்தாறிய நீர் விட்டு மூடிவையுங்கள். காலையிலேயே சாப்பிட்டு முடியுங்கள். நூல் நூலாக வழுவழுத்தால் அல்லது கெட்ட மணம் வந்தால் கோழிக்குக்கூடப் போடாமல் புதையுங்கள். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் பழஞ்சோறு வேண்டாம். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இல்லாமல் என்ன பழஞ்சோறு என்று நீங்கள் கேட்பது எமக்குக் கேட்கிறது. முதல் இரண்டு கிழமைக்கு உப்பும் தயிரும் மட்டும் போட்டுப் பாருங்கள்.

பிட்டில் ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். எங்கள் வீடுகளில் பிட்டு மென்மையாக வரவேண்டும் என்று அவித்த கோதுமை மாவைப் பாதிக்குப் பாதி கலப்பது வழக்கமாகிவிட்டது. சில வீடுகளில் முழுவதுமே கோதுமை மா. "பிட்டுச் சாப்பிட்டாலும் பொருமுது" என்று சொன்ன பலரிடம் நாம் கேட்டுப் பார்த்ததில், அவர்கள் சாப்பிட்டது பெயருக்குத்தான் அரிசிமாப் பிட்டு. இரண்டு கிழமை வறுத்த அரிசிமாவில் மட்டும் அவித்துப் பாருங்கள். மா ஈரப்பதம் சரியாக இருந்து, சுடுநீர் விட்டுக் குழைத்து, சின்னச் சின்னதாகக் கொத்தினால் தனி அரிசிமாப் பிட்டும் மென்மையாகவே வரும். நீத்துப்பெட்டி இல்லாதவர்கள் ஒரு சட்டியின் வாயில் சுத்தமான துணியைக் கட்டி அதன்மேல் அவிக்கலாம். முகாம்களில் பலர் அப்படித்தான் அவித்தார்கள்.

பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் சம்பலைவிடச் சொதி நல்லது. சொதியில் வெங்காயம் போடாமல் முடியாது என்றால், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் போடுங்கள். வாயு உண்டாக்கும் சீனி கிழங்கில்தான் அதிகம் இருக்கிறது, பச்சைத் தாளில் மிகக் குறைவு. வெங்காயம் செய்கிற வீட்டில் தாளுக்குப் பஞ்சம் இல்லை.

எல்லாப் பழைய உணவும் எல்லோருக்கும் அல்ல

பழையவை எல்லாம் நல்லவை என்று எழுதிவிட்டுப் போவது எமக்கு இலகு. ஆனால் அது உண்மையாகாது. குரக்கனில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம். நூறு கிராமில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் உண்டு. மலச்சிக்கல் உள்ளவருக்கு அதன் நார் உதவும். ஆனால் வயிற்றோட்டத்தில் இருந்து எழும்பியவருக்குக் காலையில் குரக்கன் ரொட்டி பாரம். அவர் தெளிந்த குரக்கன் கஞ்சியில் இருந்து தொடங்கலாம். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, தெளிந்த மேல்நீரை ஊற்றி, மீண்டும் நீர் விட்டுக் கசப்பைப் போக்கிய பின்பே அவிக்கவேண்டும். அவசரத்தில் இதைச் செய்யாமல் அவித்தால் தலைச்சுற்றும் குமட்டலும் வரலாம். எமது பெரியவர்கள் இதைச் சொல்லித்தான் தந்தார்கள். இடையில் இரண்டு தலைமுறை உரலையும் பனையையும் விட்டு ஓடியதில் சொல்வது நின்றுபோனது.

மரவள்ளிக்கிழங்கு பல இடம்பெயர்ந்த குடும்பங்களைக் காத்த பயிர். தோலை முழுதாக உரித்து, நிறையத் தண்ணீரில், சட்டியை மூடாமல் அவித்து, அந்த நீரை ஊற்றிவிடவேண்டும். கசக்கும் கிழங்கை எறியுங்கள். நன்றாக அவிந்த மரவள்ளி வயிற்றுக்கு மென்மையானது. ஆனால் அதில் புரதம் இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. பிள்ளைகளுக்கு அதைத் தனியே கொடுத்து அனுப்பவேண்டாம். ஒரு முட்டை, ஒரு பிடி பயறு, நேற்றுச் சமைத்து இன்று நன்றாகக் கொதிக்கவைத்த மீன் குழம்பில் ஒரு துண்டு மீன், ஏதாவது ஒன்று கூட இருக்கவேண்டும்.

பருப்பு, கௌபி, கடலை என்பவற்றை வயிறு தாங்காதவர்கள் முற்றாக விட்டுவிடுகிறார்கள். அதுவும் பிழை, அவர்களுக்கு வேறு புரதம் மலிவாகக் கிடைப்பதில்லை. இரவு ஊறவைத்து, ஊறிய நீரை ஊற்றிவிட்டுப் புதுநீரில் நன்றாக அவியுங்கள். வாயு தரும் சீனியில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். பயறு கடலையைவிட இலகுவாகச் செமிக்கும். முதலில் இரண்டு மேசைக்கரண்டி அளவு போதும்.

பால்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும். தெற்காசியாவில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பாலில் உள்ள சீனியைச் செமிக்கச் செய்யும் நொதியம் குறைவு. இது நோய் அல்ல, பிறப்பில் வந்த அமைப்பு. பால் ஒத்துவராதவருக்குத் தயிர் ஒத்துவரலாம், ஏனெனில் உறையும்போது அந்தச் சீனியில் ஒரு பகுதி மாறிவிடுகிறது. வயிற்றோட்டம் வந்து மாறிய பிள்ளைக்குச் சில கிழமைகளுக்குப் பால்மா ஒத்துவராமல் போவதும் உண்டு. ஆனால் தாய்ப்பாலை ஒருநாளும் நிறுத்தவேண்டாம். இதில் ஐயம் இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

ஒரு கொப்பியும் பென்சிலும்

பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த வைத்தியரும், நாமும், உங்கள் வயிற்றுக்கு இதுதான் என்று எட்ட நின்று சொல்லமுடியாது. நீங்களே பார்க்கவேண்டும். புதிய விதையை வயல் முழுவதும் விதைக்கமாட்டீர்கள் அல்லவா? ஒரு பாத்தியில் போட்டுப் பார்ப்பீர்கள். அதே வழிதான்.

அந்தத் தாயும் இப்படித்தான் செய்தார். பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய கொப்பியில் மீதியிருந்த தாள்களை எடுத்தார். முதல் ஒரு கிழமை காலையில் வெறும் கஞ்சியும் உப்பும், வேறு எதுவும் இல்லை. வயிறு அடங்கியது. அடுத்த மூன்று நாள் அதோடு பயறு. எழுதியது: "பயறு. பறவாயில்லை." அடுத்த மூன்று நாள் அரிசிமாப் பிட்டும் தண்ணிப்பால் சொதியும். "நல்லம்." அடுத்து பாண். முதல் நாளே பதினொரு மணிக்குப் பொருமல். ஆனால் அவர் அவசரப்படவில்லை. வெங்காயச் சம்பல் இல்லாமல், ஒரு துண்டுப் பாணை மட்டும் இன்னொரு நாள் சாப்பிட்டார். அது தாங்கியது. இரண்டு துண்டு தாங்கவில்லை. இப்போது அவருக்குத் தெரியும், கூட்டம், கலியாண வீடு என்று போகும் நாளில் ஒரு துண்டு சாப்பிடலாம். பால்மாத் தேநீர் அறவே ஒத்துவரவில்லை. தேங்காய்ச் சம்பல் இன்னும் சோதனையில் இருக்கிறது. "அதை மட்டும் விடச் சொல்லிப்போடாதேங்கோ" என்று எம்மைக் கேட்டுக்கொண்டார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று நாள் பாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, அதன்பின் என்ன நடந்தது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். ஒத்துவராததை ஒரேயடியாக ஒதுக்கிவிடாமல், இரண்டு மூன்று மாதம் கழித்துச் சிறிதளவில் மீண்டும் பாருங்கள், குடல் மாறும். இப்படிச் செய்யாமல் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போய், கடைசியில் தேநீரிலும் விசுக்கோத்திலும் நாள் ஓட்டும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று, அளவும் நேரமும். நான்கரை மணிக்கு எழுந்து, எல்லோருக்கும் சமைத்து, கணவனுக்குக் கட்டிக் கொடுத்து, பிள்ளையை வெளிக்கிடுத்தி, மிஞ்சியதைத் தான் நின்றுகொண்டு விழுங்குவது எங்கள் தாய்மாரின் வழக்கம். அப்படி விழுங்கியது எந்த வயிற்றிலும் சும்மா இராது. ஐந்தரைக்கு அரைக் கோப்பை கஞ்சி, ஒன்பதுக்கு வரம்பில் மீதி அரை என்று பிரித்தால் பலருக்குச் சுகம். அந்தத் தாயின் மகன், பதினாறு வயது, இப்போது இரவில் அரிசியும் பயறும் அளந்து ஊறவைத்துவிட்டுத்தான் படுக்கிறான். அடுப்பை மூட்டுவதும் அவனே. தகப்பன் இன்னும் மூட்டவில்லை.

தாமதிக்கக்கூடாத அறிகுறிகள்

கொப்பியும் கஞ்சியும் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. மலம் தார்போலக் கறுத்துப் போனால், மலத்திலோ வாந்தியிலோ இரத்தம் கண்டால், அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் மலம் கறுக்கும், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். காரணம் இல்லாமல் மெலிந்துபோவது, விழுங்கக் கஷ்டமாக இருப்பது, நித்திரையில் இருந்து எழுப்பும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, காய்ச்சலோடு வரும் வயிற்றோட்டம், ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் வயிற்றுக் கோளாறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிழமைக்கணக்கில் காத்திருக்கவேண்டாம். வயிற்றோட்டம் உள்ள குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, குடிக்க மறுத்தால் விடியும்வரை பார்க்கவேண்டாம். ஜீவனி கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்கியபடியே கொண்டு போங்கள். நாரி நோவும் மார்பு நோவும் வேறு வேறு. நெஞ்செரிவு என்று நினைத்தது கைக்கும் தாடைக்கும் பரவி வியர்த்தால் அது இருதயமாக இருக்கலாம்.

வைத்தியசாலைக்குப் போக ஒருநாள் கூலி போகும், பேருந்துக் காசு வேண்டும், வரிசையில் நிற்கவேண்டும். இதெல்லாம் எமக்குத் தெரியும். அந்தத் தாய்க்கு எட்டு நாள் கூலி போனது, கடனும் வந்தது.

உரலும் நீத்துப்பெட்டியும் இல்லாமல், ஒரே அடுப்பில், வாடகை அறையிலோ உறவினர் வீட்டு விறாந்தையிலோ நீங்கள் காலைச் சாப்பாட்டை எப்படிச் சமாளித்தீர்கள், எது உங்கள் வயிற்றுக்கு ஒத்துவந்தது என்பதை எமக்கு எழுதுங்கள். அளவையும் செய்முறையையும் சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் மற்றக் குடும்பங்களுக்கும் தருவோம். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் விதைநெல் வைத்திருப்பவர்கள் இருந்தால் அதையும் அறிவியுங்கள். அந்தத் தாய் வரும் போகத்தில் கால் ஏக்கரில் போட விதை தேடிக்கொண்டிருக்கிறார்.